பதினாலாம் கட்டிலின் நாடி

இது நடந்தது. கேட்டுட்டு "சும்மா கதை லா"ன்னு சொல்றவங்க இப்பவே எழுந்து போயிடலாம், எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நடந்தப்ப நான் அதே வார்டுல, அதே ஷிஃப்ட்டுல வேலை பார்த்தேன். அனுபவிச்சது கூட வேலை பார்த்த நர்ஸ் புஷ்பவள்ளி. அவ எனக்குச் சொன்னதைக் கூட்டாம குறைக்காம சொல்றேன்.

பேய்னா நடுராத்திரி, நாய் ஊளை, அதெல்லாம் எதிர்பார்க்காதீங்க. இது சாயங்காலம் ஆறு மணி. பினாங்குல ஆறு மணிக்கு வெயில் இன்னும் சுள்ளுன்னு இருக்கும். வார்டு ஜன்னல்ல நின்னா தண்ணீர்மலைப் பக்கம் மரம் மரமா எண்ணலாம். அந்த வெளிச்சத்துலதான் வந்துச்சு.

வருஷம் 1994. ஜார்ஜ் டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரைக் கேக்காதீங்க. ரெண்டாவது மாடி. பதினெட்டுக் கட்டில்.

அந்த வருஷம் சீனப் பெருநாள் முடிஞ்ச கையோட வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதுக்கு முன்னால ஒவ்வொரு கட்டில் கால்மாட்டுலயும் ஒரு அட்டை தொங்கும். காய்ச்சல், பல்ஸ், பிரஷர், மூச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுல எழுதணும். எழுதணும்னா கட்டில்கிட்ட போயாகணும். போயிட்டா ஆளைப் பார்க்காம வர முடியாது. கம்ப்யூட்டர் வந்ததும் அட்டையைக் கழட்டிட்டாங்க. இனிமே கவுண்டர்ல உக்காந்து தட்டினா போதும்.

நல்லதும் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். டாக்டருங்க கோழி கிண்டின மாதிரி எழுதுறதைப் படிக்கத் தெரியாம மருந்தை மாத்திக் கொடுத்துடுவோமோங்கிற பயம் போச்சு.

ஆனா எஃப் செவன்னு ஒரு பட்டன். அதை அமுக்கினா, போன தடவை போட்ட கணக்கு அப்படியே வந்து உக்காரும். மாறினதை மட்டும் திருத்துங்க, நேரம் மிச்சம்னு சொல்லிக் கொடுத்தாங்க. நாங்க திருத்துறதை மறந்தோம், நேரத்தை மட்டும் மிச்சம் பிடிச்சோம். ஆறே காலுக்குள்ள ஆறு மணிக் கணக்கு ஏறலைன்னா திரை மினுக் மினுக்னு சிமிட்டும். மறுநாள் மேட்ரன் மேசையில நம்ம பேரோட ஒரு தாள் போய் நிக்கும். யாருக்கு வேணும் அந்தத் தலைவலி? எல்லாரும் அமுக்கினோம். நானும்தான்.

பதினாலாம் கட்டில்ல கதிர்காமநாதன் ஐயா. எழுபத்திரண்டு வயசு. நெஞ்சுல சளி கட்டி மூச்சுத் திணறலோட வந்தவர், தேறிட்டார், சனிக்கிழமை வீட்டுக்குப் போறதா இருந்துச்சு. முப்பது வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரஸ்ஸர். அதாவது தோட்டத்துக்கு டாக்டர் வராத நாளெல்லாம் இவர்தான் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது என்னவோ தைப்பிங்ல, பேச்சு மட்டும் இன்னும் கப்பல் ஏறல.

புஷ்பவள்ளி அவர் கையைப் பிடிச்சு முப்பது செகண்ட் எண்ணுவா, ரெண்டால பெருக்கிடுவா. நாங்க எல்லாரும் அப்படித்தான். ஐயா விட மாட்டார்.

"முழு நிமிஷமும் எண்ணும் பிள்ளை. பெருக்கிறது கடைக் கணக்கு. இது ஆளின்ர உயிர்."

சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். அவளும் சிரிச்சுக்கிட்டே "சரிங்க ஐயா"ன்னுட்டு முப்பதுலயே கையை விட்டுடுவா.

அன்னிக்கு வியாழக்கிழமை. மூணு மணியிலிருந்து நல்ல மழை. ஒருத்தி உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டுட்டா, பதினெட்டுப் பேருக்கு நாங்க ரெண்டே பேர். ஆளுக்கு ஒன்பது கட்டில். ரெண்டு மணிக்கு ஐயாவுக்குக் காய்ச்சல் இல்ல, 36.8. பல்ஸ் 78. பிரஷர் 130/80. மூச்சு 18. இதை அவ கையாலயே பார்த்தா. நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும் மருந்து ஆர்டரைத் தட்டி ஃபார்மசிக்கு அனுப்பினா. 5.50க்கு மூணாம் கட்டில்காரர் ரத்த வாந்தி எடுத்துட்டார், ரெண்டு பேரும் அங்க ஓடினோம்.

6.04க்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா. அவளோட ஒன்பதுல ரெண்டு பேரைத்தான் பார்த்திருந்தா. மிச்சம் ஏழு பேருக்கு எஃப் செவன். டக். டக். டக். பதினாலு வந்துச்சு. தலையைத் தூக்கிப் பார்த்தா. திரைச்சீலை பாதி மூடியிருந்துச்சு. சாம்பல் கலர் காலுறை போட்ட ரெண்டு பாதம் மட்டும் தெரிஞ்சுச்சு. தூங்குறார்னு நெனச்சுக்கிட்டா.

டக்.

6.20க்கு ஐயாவோட மகள் கமலாம்பிகை வந்தாங்க. பட்டர்வொர்த்துல டீச்சர், தினம் ஃபெரி பிடிச்சு வருவாங்க. கையில டிபன் கேரியர், சேலை பூரா ஈரம்.

"அப்பா எப்படி?"

புஷ்பவள்ளி கட்டிலைப் பார்க்கல. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தா.

"ஆறு மணிக்குப் பார்த்தேன்க்கா. எல்லாம் நல்லா இருக்கு. தூங்குறாரு."

"அப்ப எழுப்ப வேண்டாம். நான் வெளியில இருக்கிறன்."

வராந்தா நாற்காலியில கேரியரை மடியில வெச்சுக்கிட்டு இருபத்தஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தாங்க. 6.45க்கு உள்ள போனாங்க. கத்தல. கவுண்டருக்கு வந்து மெதுவாச் சொன்னாங்க.

"பிள்ளை, அப்பான்ர கை குளிர்ந்து கிடக்கு."

ஓடினோம். நான்தான் முதல்ல தொட்டேன், பின்னால புஷ்பா. தாடை விறைச்சிருந்துச்சு. நர்ஸுக்கு அது ஒண்ணு போதும். ஆறு மணிக்கு உயிரோட இருந்தவருக்கு முக்கால் மணி நேரத்துல தாடை விறைக்காது. போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கணும். நான் அவ முகத்தைப் பார்த்தேன். அவ என் முகத்தைப் பார்க்கல.

டூட்டி டாக்டர் சின்னப் பையன், இன்னும் மூணு வார்டு பாக்கி. கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆறு மணிக்கு பல்ஸ் 78. அப்ப இறந்தது 6.40ன்னு எழுதிட்டார். ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. நான் ஏன் திறக்கலைன்னு கேக்கறீங்களா? நானும் அன்னிக்கு ஆறு கட்டிலுக்கு அமுக்கியிருந்தேன். என்னோட ஆறும் பிழைச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோட முடிஞ்சிருந்தா ஒரு பொய்யோட போயிருக்கும். 7.30க்குக் கமலாம்பிகை அக்கா புஷ்பா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"பிள்ளை, ஆறு மணிக்கு நீர் பார்க்கேக்க அப்பாவுக்கு உயிர் இருந்ததுதானே? ஐயர் நேரம் கேக்கிறார்."

உயிர் போன நேரத்துல என்ன திதியோ, அந்தத் திதியிலதான் வருஷா வருஷம் திவசம். அன்னிக்குச் சாயங்காலம் 5.26க்குத் தசமி முடிஞ்சு ஏகாதசி பிறந்துச்சு. 5.26க்கு முன்னால போயிருந்தா ஒரு நாள். பின்னாலன்னா வேற நாள். தப்பான நாள்ல எள்ளும் தண்ணியும் விட்டா போனவருக்குப் போய்ச் சேராதுங்கிறது அவங்க நம்பிக்கை.

புஷ்பவள்ளிக்கு இது தெரியாம இல்ல. அவளோட அப்பாவுக்கும் திவசம் நடக்குது.

"ஆமாக்கா. இருந்துச்சு."

"அப்ப ஏகாதசி." அந்த அக்கா முகத்துல ஒரு நிம்மதி. "நல்ல நாளிலதான் போயிருக்கிறார்."

அந்த நிம்மதிதான் தன்னைக் கொன்னுச்சுன்னு புஷ்பா எங்கிட்டச் சொன்னா. அன்னிக்கு ஃபெரியில அவ மேல் தட்டுக்கே போகலையாம். கீழே கெரெத்தா, அதான் காருங்க, நிக்கிற இடத்துல, இருட்டுல நின்னுக்கிட்டே பட்டர்வொர்த்துல இருக்கிற தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா.

மறுநாள், வெள்ளிக்கிழமை. பதினாலாம் கட்டில் காலி. ஆள் இல்லாத கட்டிலுக்குக் கம்ப்யூட்டர்ல வரியே வராது. 5.40க்கே அவ தள்ளுவண்டியை எடுத்துக்கிட்டு ஒன்பது கட்டிலுக்கும் நடந்தா. வந்து உக்காந்து தட்டினா. பதிமூணு முடிஞ்சு அடுத்த வரி வந்துச்சு.

14. பேர் இல்ல. 78. 130/80. 18. எல்லாம் எஃப் செவன் கொண்டு வர்ற அதே கணக்கு. உடம்புச் சூடு மட்டும் மாறியிருந்துச்சு. 33.9. ஓரத்துல போட்டவரோட நம்பர். 2217.

அது அவளோட நம்பர். நேரம் 6.00. அவ வந்து உக்காந்ததே 6.07க்கு.

அழிச்சுட்டா. சனிக்கிழமை திரும்ப வந்துச்சு. 30.2. ஞாயிறு 27.1. திங்கட்கிழமை 24.0. செவ்வாயும் 24.0, அதுக்குமேல இறங்கல. எங்க வார்டு ஏர்கான் 24லதான் ஓடும். குளிர்ந்து குளிர்ந்து அறையோட சூட்டுல போய் எது நிக்கும்னு நர்ஸுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

கம்ப்யூட்டர் பார்க்கிற நல்லமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினா. அவர் தலையைச் சொறிஞ்சார்.

"மிஸ்ஸி, இதே மெஷின்ல, உங்க பாஸ்வேர்ட் போட்டு, நீங்கதான் தட்டியிருக்கீங்க."

புதன்கிழமை பதிமூணாம் கட்டில் ஷேக் அலாவுதீன், சர்க்கரைக்கு வந்தவர், அவளைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து நாடி பிடிக்கிறாரே, புது டாக்டரா?"

"எப்ப?"

"ஆறு மணிக்கு. மூணு நாளா வர்றாரு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணுறாரு. நீங்க யாரும் அப்படி எண்ணல. எண்ணிட்டு அந்தப் பக்கம் திரையை இழுத்துக்கிட்டுப் போயிடுறாரு."

அந்தப் பக்கம் பதினாலாம் கட்டில்.

இதுல கொடுமை என்னன்னா, அன்னிக்குத்தான் எங்க வார்டுத் தலைமை நர்ஸ் சிஸ்டர் சித்தி ஹாஜரா எல்லாரையும் நிக்க வெச்சுப் பேசினாங்க. "புஷ்பாவைப் பாருங்க. கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு கட்டிலுக்கும் நடந்து போறா. நர்ஸுன்னா இப்படி இருக்கணும்." எல்லாரும் கை தட்டினாங்க. அவ தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. நானும் தட்டினேன், வேற என்ன செய்யச் சொல்றீங்க.

வெள்ளிக்கிழமை. ஐயா போய் எட்டாம் நாள். ஷேக் அலாவுதீன் காலையிலயே வீட்டுக்குப் போயிட்டார். பதிமூணும் காலி, பதினாலும் காலி. நான் கீழே எக்ஸ்ரேக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். கவுண்டர்ல அவ தனியா.

5.58. கம்ப்யூட்டர்ல அவ கை வைக்கல. தள்ளி நின்னா.

5.59. டக்.

எஃப் செவன் பட்டன். தானா உள்ள போயி, தானா மேல வந்துச்சு.

டக்... டக்... டக்...

விடாம. ஒரே சீரா. அவ கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினா. நர்ஸ் இல்லையா, எண்ணாம இருக்க முடியல. முழு நிமிஷம் எண்ணினா. வாழ்க்கையில முதல் தடவையா.

எழுபத்தெட்டு.

6.00. சத்தம் நின்னுடுச்சு.

பதினாலுல திரைச்சீலை பாதி மூடியிருந்துச்சு. மத்தியானம் அவதான் முழுசாத் திறந்து வெச்சிருந்தா. வெயில் அது மேல மஞ்சளா விழுந்துச்சு. துணிக்குக் கீழ...

சாம்பல் கலர் காலுறை.

ரெண்டு பாதம்.

ஓடியிருக்கலாம். ஓடல. இந்தக் கட்டிலுக்கு நான் வரவேண்டிய நேரம் இது, அன்னிக்கு வரல, இன்னிக்காவது போகணும்னு தோணுச்சாம். நடந்தா.

பதினெட்டு அடி.

திரையை விலக்கினா.

கட்டில் காலி. விரிப்பு மடிப்புக் கலையல. நடுவுல மட்டும் ஒரு பள்ளம்... ஆள் படுத்த பள்ளம்.

"ஐயா... பல்ஸ் பார்க்க வந்தேன்."

கையை நீட்டினா.

குளிர்.

விரல்... மூணு விரல்...

அவ மணிக்கட்டுல.

அழுத்தல. நெரிக்கல. பதமா, நாடி பார்க்கிறவர் பிடிக்கிற மாதிரி.

எண்ணுச்சு.

முப்பது செகண்ட் ஆச்சு. விடல.

நாப்பது.

அம்பது.

அறுபது.

விட்டுடுச்சு.

கவுண்டருக்கு எப்படி வந்தான்னு அவளுக்குத் தெரியல. திரையில 14ஆம் வரி. உடம்புச் சூட்டுக்கு நம்பர் இல்ல, பிரஷருக்கும் இல்ல. பல்ஸ் மட்டும். 124. தன் கையைத் தானே பிடிச்சு எண்ணிப் பார்த்தா. 124.

அழிச்சுட்டா. நான் மேல வந்தப்ப முகம் வெளுத்து உக்காந்திருந்தா. என்னன்னு கேட்டதுக்குத் தலைவலின்னா. அப்ப யார்கிட்டயும் சொல்லல. அந்த நம்பரை எழுதியும் வைக்கல.

அதுக்கப்புறம் வரி வரவே இல்ல. வந்திருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சாம். தினம் ஆறு மணிக்கு மணிக்கட்டு மட்டும் சில்லுன்னு ஆகும். தினம் நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனப்பா. சொன்னா வேலை போகும். லைசென்ஸே போகலாம். வேலையைக்கூட விடுங்க, அந்த அக்கா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. இப்படியே மூணு வாரம் போச்சு.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு வார்டுக்கு ஃபோன். கமலாம்பிகை அக்கா.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை அப்பான்ர அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கிரியை. நீர் கட்டாயம் வாரும். அப்பாவைக் கடைசியா உயிரோட பார்த்த ஆள் நீர்தானே."

ஃபோனை வெச்சா. அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா ஃபெரிக்குப் போனா. வெள்ளைச் சட்டையைக்கூட மாத்தல.

பட்டர்வொர்த்துல அக்கா வீடு. கூடத்துல ஐயா படம், விளக்கு. அக்கா தேத்தண்ணி போடப் போனாங்க. வேண்டாம்க்கான்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே சொன்னா.

"அக்கா, ஆறு மணிக்கு நான் ஐயாவைப் பார்க்கல. கம்ப்யூட்டர்ல பழைய கணக்கையே போட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவர் எத்தனை மணிக்குப் போனார்னு எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு ரொம்ப முன்னால."

அக்கா திட்டல. உக்காரச் சொல்லவும் இல்ல. அலுமாரியைத் திறந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தாங்க. சட்டைப் பையில வைக்கிற அளவு, கூடவே ஒரு துண்டுப் பென்சில்.

"அப்பா தன்ர நாடியைத் தானே பிடிச்சு மணிக்கொருக்கா எழுதுவார். டிரஸ்ஸர் பழக்கம். ஆஸ்பத்திரியிலயும் தலகணிக்குக் கீழ வெச்சிருந்தவர். அண்டைக்கு இரவே வாசிச்சன். அஞ்சு மணிக்கு எழுதேல்ல. ஆறு மணிக்கும் எழுதேல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம். ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுமோ? நீர்தான் பொய் சொல்லுவீரோ எண்டு நினைச்சன். நீரா வந்து சொல்லுவீர் எண்டு இருபத்தொன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தன்."

நோட்டைப் பிரிச்சுக் காட்டினாங்க. வியாழக்கிழமைத் தேதி. 2.00, நாடி 78. 3.00, நாடி 70. அதுக்குக் கீழ எழுத்து கோணல் மாணலா.

4.10. நாடி 38. மிஸ்ஸி கம்ப்யூட்டரில இருக்கிறா. முடிச்சிட்டு வரட்டும்.

நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும் அவ உக்காந்து தட்டினது மருந்து ஆர்டர். பதினாலாம் கட்டில்ல இருந்து பார்த்தா கவுண்டர் நேரா தெரியும். அவர் அவளைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். அவ ஒரு தடவை திரும்பியிருந்தா போதும்.

"அப்ப தசமி," அக்கா சொன்னாங்க. "ஐயருக்குச் சொல்லிவிடுறன்."

புஷ்பவள்ளி நோட்டை மூடிக் கொடுக்கப் போனா. அக்கா வாங்கல.

"அடுத்த பக்கத்தையும் பாரும். இந்த வரி அண்டைக்கு இரவு இருக்கேல்ல. அப்பா போன இரவே வாசிச்சிட்டு அலுமாரியில வெச்சுப் பூட்டினது, திறப்புக் கொத்து என்ர இடுப்பில. நேற்று ஐயருக்காகத் திரும்ப எடுத்தன், அப்பதான் கண்டன். எழுத்து அப்பான்ர எழுத்துத்தான்."

அடுத்த பக்கத்துல ஒரே ஒரு வரி. அவர் போய் எட்டாம் நாள் தேதி. துண்டுப் பென்சில்ல, இந்தத் தடவை கோணல் இல்லாம, நிதானமா எழுதினது.

6.00. நாடி 124. முழு நிமிஷம் எண்ணினது.

"ஆரின்ர நாடி, பிள்ளை, இது?"

புஷ்பவள்ளி இப்ப நர்ஸ் இல்ல. அடுத்த நாளே மேட்ரனுக்கு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா. எஃப் செவனை எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல மட்டும் தப்பு யாருதுன்னு எங்கேயும் எழுதல. ஆனா அன்னிக்கு அந்தக் கூடத்துல ஐயா படத்துக்கு முன்னால அவ ஒரே ஒரு பதில்தான் சொன்னா. சொல்லும்போது கடிகாரம் 6.00னு காட்டுச்சு, கை சில்லுன்னு இருந்துச்சு.

"என்னோடதுக்கா."